செபஸ்தியார் இல்லாத மாடம்

செபஸ்தியார் ஒருகொடவத்தையில் இருந்தார். மரிஸ்ரெலாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. தை மாதம் அவரைப் பழைய மெத்தைகளுக்குள் வைத்துக் கட்டி லொறியில் ஏற்றி அனுப்பியவளே அவள்தான். கரையான் தின்ற காலுக்கு மருந்து போட்டு, உதிர்ந்த வர்ணத்தைத் திருப்பிப் பூசும்வரை அவர் அங்கே ஒரு பண்டசாலையில் மல்லாந்து படுத்திருப்பார். உயிர்த்த ஞாயிறு முடிந்த பிறகுதான் கொட்டாஞ்சேனைக்குத் திரும்புவார். அதுவரை குவிமாடத்தைத் தாங்கும் வடக்குத் தூணில் அவருடைய மாடம் வெறுமையாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் இந்தச் சனிக்கிழமை பின்னேரம் அந்த மாடத்தில் ஊதாத் துணி கட்டியிருந்தது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. தவக்காலத்தின் கடைசி இரண்டு கிழமைகளும் புனித அகத்தாள் ஆலயத்தில் சொரூபங்களை மூடிவைப்பது வழக்கம். மாதா சபைப் பெண்கள் ஏணியும் துணிக்கட்டுமாக வந்து, சூசையப்பரையும் அந்தோனியாரையும் வியாகுல மாதாவையும் தலையிலிருந்து கால்வரை மூடி, இடுப்பில் நாடாவால் கட்டிவிட்டுப் போவார்கள். பழக்கத்தில் வெறும் மாடத்துக்கும் ஒரு துணியைத் தொங்கவிட்டிருக்கலாம். ஆனால் தொங்கவிட்ட துணி தட்டையாகக் கிடக்கும். இது தட்டையாக இல்லை. துணிக்குள் தோள்கள் இருந்தன. தோள்களுக்கு மேல் ஒரு தலை. செபஸ்தியாரின் தலை வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. இந்தத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாடத்தின் சுவரில் காதை வைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

அந்தச் சாய்வு அவளுக்குப் பழக்கமானது. அதே இடத்தில், அதே சுவரில், அவளும் அப்படித்தான் சாய்ந்து நின்றிருக்கிறாள்.

மற்றில்டா அக்கா முன்வாங்கில் உட்கார்ந்து மிஞ்சிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இறந்துபோன கணவன் கிளெமென்ற்றின் முப்பத்தோராம் நாள் நினைவு கழிந்து அதிக நாளாகவில்லை; வெள்ளைச் சேலையில் ஊதாச் சாயம் அங்கங்கே ஒட்டியிருந்தது.

"அக்கா, அந்த வடக்கு மாடத்திலை ஆர் துணி கட்டினது?"

"நான்தான். ஏன், கோணலோ?"

"அதிலை சொரூபம் இல்லையே. செபஸ்தியாரைத் திருத்த அனுப்பியாச்செல்லோ."

மற்றில்டா மடிப்பதை நிறுத்தவில்லை. "நீங்கள் ஒண்டைக் கொண்டுபோவியள், ஒண்டைக் கொண்டுவருவியள். எங்களுக்கு ஆர் சொல்லுறது? அதிலை ஆள் நிண்டுது, நான் கட்டினன். அண்ணாந்து பாக்காமல் கையைப் போட்டுக் கட்டினபடியால் ஆர் எண்டு தெரியேல்லை. கண்ணாடியும் வீட்டிலை." பிறகு நினைவு வந்தவளாகச் சிரித்தாள். "தோள்மூட்டு நல்ல ஈரம். டோம் இன்னும் ஒழுகுது போல. நல்லாத்தான் திருத்துறியள், போம்."

குவிமாடம் ஒழுகவில்லை. மழை பெய்து இரண்டு கிழமை.

"கோணலெண்டால் புதன்கிழமை கண்ணாடியோடை வந்து சரிபண்ணிவிடுறன்," என்றாள் மற்றில்டா. துணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு முறையும் கேட்பதையே இந்த முறையும் கேட்டாள். குரலில் குறையில்லை. தொலைந்த சாவியைத் தேடுகிறவள் போல்தான் கேட்டாள். "ஸ்ரெலா, நீர் அந்த நாளெல்லாம் இங்கைதானே நிண்டு அளந்தனீர். அவர் உம்மோடை ஏதும் கதைச்சவரே? ஆரோடையாவது ஒரு வசனம் சொல்லியிருப்பார் எண்டுதான் நினைக்கிறன்."

"இல்லை அக்கா. என்னோடை ஒண்டும் கதைக்கேல்லை."

அது பொய்யல்ல. அவளோடு அவர் கதைக்கவில்லை. இப்படி எழுத்தெண்ணி உண்மை பேசக் கற்றுக்கொண்டது எப்போதிருந்து என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள். வாசல் தூண்களைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

*

இந்த ஆலயத்தை வரைந்தவர் ஒரு இத்தாலியத் துறவி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் உரோமையில் பார்த்த முகப்பொன்றை நினைவிலிருந்தே வரைந்தார் என்று சொல்வார்கள்: பெரிய தூண் வரிசை, அதன்மேல் முக்கோண நெற்றி, நெற்றியில் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் புனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் குவிமாடம். பளிங்குக்கு வழியில்லை. கபுக் கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசி, சாந்தின்மேல் பளிங்கின் நரம்புகளைத் தூரிகையால் இழுத்தார்கள். பக்கத்தில் போய் விரலால் தட்டினால்தான் உள்ளே செம்மண் கல் என்று காதுக்குத் தெரியும். மரிஸ்ரெலாவுக்குச் சிறுவயதிலிருந்தே அந்தப் பொய் பிடிக்கும். ஞானஸ்நானம் பெற்ற அதே ஆலயத்தைத் திருத்த அளவெடுக்கும் கட்டடக்கலைஞராக அவள் வந்தபோது, தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே நடந்தாள்.

குவிமாடத்தில்தான் பிசகு நடந்தது. கொட்டாஞ்சேனை மேட்டின் மண் அவ்வளவு பாரத்தைத் தாங்காது என்று பயந்து, துறவிக்குப் பின் வந்தவர்கள் அதைத் தாழ்த்திக் கட்டிவிட்டார்கள். அரை உருண்டையாக இருந்திருக்கவேண்டியது, கிடையாகப் படுத்த முட்டையின் மேற்பாதி போல் ஆனது. அப்படிப்பட்ட கூரைக்கு ஒரு குணம் உண்டு. அதன் கீழ் ஒரு குறித்த இடத்தில் கிசுகிசுத்தது, நடுவில் நிற்பவர்களுக்குக் கேட்காமல் மேலே போய், வளைவில் பட்டு, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு இடத்தில் காதோடு சொன்னதுபோல் வந்து விழும். அந்த இரண்டு இடங்களில் ஒன்று செபஸ்தியாரின் மாடம். நூற்றைம்பது வருடமாக அங்கே மரக் காதுகள் இருந்தபடியால் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மற்ற இடத்தை அவள்தான் நிரப்பினாள். குருவிடம் பாவங்களைச் சொல்லும் மரக் கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டி நின்ற மூலையில் கூரைத் தண்ணீர் சொட்டியது. அதை எங்கே மாற்றுவது என்று பங்குத் தந்தை ஹியூபேட் கேட்டபோது, வரைபடத்தை விரித்து, தெற்குத் தூணுக்கு முன்னால் ஈரமும் வெயிலும் படாத இடத்தில் பேனையால் ஒரு புள்ளடி போட்டாள். அப்போது ஒன்றும் தெரியாது. அதை அவள் தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்வாள். அப்போது தெரியாது.

பிறகு தெரிந்தது. செபஸ்தியார் போன மறுநாள், வெறும் மாடத்துக்குள் ஏறி அளந்துகொண்டிருந்தவளின் காதுக்குள், ஒரு கிழவியின் குரல் தன் மருமகளின் சாம்பாரில் உப்பள்ளிப் போட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபாதரிடம் போய்த் தொட்டியை நகர்த்தச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தாள். அடுத்த நாள் அளவெடுக்க ஒன்றுமில்லாத மாடத்துக்கு நாடாவோடு ஏறினாள். அதற்கடுத்த நாளும். சந்தையில் மீன் வாங்கும்போது பக்கத்தில் நிற்பவளின் பாவம் தெரிந்திருப்பதில் ஒரு சூடு இருந்தது. தனியாக வாழ்கிறவளுக்கு அது துணைபோலவும் இருந்தது. அதை நினைக்கத்தான் அவளுக்கு இப்போது அருவருப்பு.

கிளெமென்ற் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஆலய மாடியில் பாட்டுக்கு ஓகன் வாசிப்பவர் அவர். நகைச்சுவையான மனிதர். மரிஸ்ரெலா யோசிக்கும்போது பேனையின் பித்தானை டிக் டிக்கென்று அழுத்துவாள். ஓகன் வாசிப்பை நடுவில் நிறுத்தி, மாடியிலிருந்து குனிந்து, "ஸ்ரெலா, அந்தப் பல்லியைக் கொஞ்சம் அடக்கும் பிள்ளை, தாளம் பிழைக்குது," என்பார். அந்தக் குரல்தான் அன்று அவள் காதுக்குள் வேறு குரலாக வந்தது.

"ஃபாதர், விடிய எழும்பேக்கை கடலுக்குள்ளை இறங்கவேணும் போலக் கிடக்கு. முகத்துவாரம் மட்டும் நடந்துபோயிட்டுத் திரும்பி வாறன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடத் தூரம் போறன். மற்றில்டாவுக்குச் சொல்ல வாய் வருகுதில்லை."

ஃபாதர் தாழ்ந்த குரலில் என்னென்னவோ சொன்னார். டொக்டரிடம் போகச் சொன்னார். தன்னோடு வெளியே வந்து கதைக்கச் சொன்னார். அதற்கு மேல் அவரால் முடியாது. அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோக அவருக்கு வாயில்லை. மரிஸ்ரெலாவுக்கு வாய் இருந்தது. ஆனால் முதல் நன்மை வகுப்பில் சிஸ்ரர் சொல்லித் தந்த ஒன்றும் இருந்தது: பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது எவர் காதில் எப்படி விழுந்தாலும், அவரும் அந்த இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டளையை மதிக்கிறவளாகத் தன்னை நினைத்துக்கொண்டாள். உண்மையில், மற்றில்டாவிடம் போனால் "உமக்கெப்படித் தெரியும்?" என்று கேட்பாளே, அதுதான் பயம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முகத்துவாரத்து மீனவர்கள் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

*

திங்கட்கிழமை அவளுடைய கந்தோரில், அவளிடம் வேலைசெய்யும் வரைபட உதவியாளன் சயந்தன் குவிமாடத்தின் வெட்டுமுகத்தைக் கணினியில் திறந்து வைத்திருந்தான். ஆலயத்தின் வரலாற்றைச் சொல்லும் சிறு நூலுக்கு அந்தப் படம். ஒலி போகும் வழியைச் சிவப்புக் கோடுகளாகக் கீறியிருந்தான். தெற்கிலிருந்து எழுந்து, வளைவில் பட்டு, வடக்கே மாடத்தில் குவிந்தன. தொட்டியைப் பற்றி அவனுக்குத் தெரியாது. வெறும் கணக்காகவே அவனுக்கு அதைச் சொல்லியிருந்தாள்.

"அம்புக்குறி எந்தப் பக்கம் போடுறது மிஸ்?"

"தெற்கிலையிருந்து வடக்கு."

"ரெண்டு பக்கமும் போடுறன். அங்கை சொல்லுறது இங்கை கேட்டால், இங்கை சொல்லுறது அங்கையும் கேக்கும்தானே."

அவன் சுட்டியை அழுத்தினான். கோடுகளின் மறுமுனையிலும் அம்புகள் முளைத்தன.

அவள் கட்டடக்கலைஞர். அது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை ஒரு தடவைகூட அந்த வியாழக்கிழமையோடு சேர்த்துப் பார்க்காமல் விட்டிருந்தாள், அவ்வளவுதான். இப்போது சேர்ந்தது. நடுவில் கிளெமென்ற் பேச்சை நிறுத்தியது ஞாபகம் வந்தது. "ஆரோ நிக்கினம் போல, ஃபாதர்." "ஒருத்தரும் இல்லை. நீர் சொல்லும்." அப்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் பேனை இருந்தது. விரல் பழக்கத்தில் பித்தானை அழுத்தியிருந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் தாழவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னார். தொலைவில் இருப்பவருக்குச் சொல்வதுபோல.

தொட்டியிலிருந்து வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. முன்வாங்கில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, வாசல் பக்கம் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு, விளக்குகளை அணைக்கும்வரை இருந்தார். ஃபாதர் கொடுத்த தண்டனைச் செபம் சொல்கிறார் என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள் நினைத்தாள். வெள்ளியும் வந்து இருந்தார். ஞாயிறு பூசை முடிந்தும் இருந்தார்.

அவருக்கு அந்தப் பல்லியைத் தெரியும். அது வருமென்று பார்த்திருந்தார்.

"மிஸ், என்ன, படம் பிழையோ?"

"இல்லை," என்றாள். "சரியாத்தான் இருக்குது."

அன்று வெள்ளவத்தையில் தன் மாடி வீட்டில் பேனையைத் தேடினாள். கைப்பையில் இல்லை. வரைபலகையில் இல்லை. மாடத்தில்தான் விழுந்திருக்கவேண்டும், எப்போதென்று தெரியவில்லை. யன்னலுக்கு வெளியே றெயில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். கரையோர றெயில் கடந்துபோன பின்னும் கடலின் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. யன்னலைச் சாத்தினாள். சத்தம் குறைந்தது. நிற்கவில்லை. உப்பும் பழைய கயிறும் கலந்த மணம் ஒன்று திரைச்சீலையில் இருந்தது. துவைத்த பிறகும் இருந்தது.

புதன்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். முதலில் ஃபாதரிடம். பிறகு மற்றில்டாவிடம். இந்த ஒழுங்கில்கூட ஒரு கோழைத்தனம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

*

புதன்கிழமை பின்னேரம் மழை பிடித்தது. ஆலயத்துக்குள் நனைந்த குடைகளின் மணம், மெழுகு, நூற்றைம்பது வருடச் சுண்ணாம்பு. மேலே கண்ணாடிகளில் தண்ணீர் ஓடியதால் குவிமாடத்துக்குள் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. மூடிய சொரூபங்களின் மடிப்புகளில் நிழல்கள் ஏறி இறங்கின. எல்லாம் அசைவதுபோல் இருந்தபடியால் எதுவும் அசையவில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். வடக்குப் பக்கம் பார்க்காமலே வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக முழந்தாளிட்டு, எழுந்து, போனார்கள். பெரிய கதவு திறக்கும்போதெல்லாம் மழையின் இரைச்சல் உள்ளே வந்து, மூடியதும் அறுந்தது. அவள் முறை வந்தபோது கரண்ட் போனது.

முழந்தாளிட்டாள். பலகை இன்னும் முந்தியவரின் சூட்டில் இருந்தது.

"சுவாமி, பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியும்."

"சொல்லும் பிள்ளை."

சொன்னாள். புள்ளடியை. மாடத்தை. உப்பள்ளிப் போட்ட கிழவியை. ஏறிய நாட்களை. கிளெமென்ற்றின் பெயரைச் சொன்னபோது வலைத்தட்டிக்கு அப்பால் ஃபாதரின் மூச்சு ஒரு கணம் நின்றது. அவள் நிறுத்தவில்லை. நான் மற்றில்டா அக்காவிட்டைச் சொல்லியிருந்தால் அவர் இண்டைக்கு இருந்திருப்பார், ஃபாதர். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தவர் –

டிக்.

மேலிருந்து வந்தது. காதோடு.

அவளுடைய கைகள் கோத்திருந்தன. வெறுங்கைகள்.

டிக். டிக்.

"ஆரோ நிக்கினம் போல," என்றார் ஃபாதர் ஹியூபேட்.

"ஒருத்தரும் இல்லை, ஃபாதர்," என்று தன் வாய் சொல்வதைக் கேட்டாள்.

பிறகு மூச்சு. அவளுடையதல்ல, ஃபாதருடையதுமல்ல. இழுக்கும்போது தண்ணீர் புரளும் மூச்சு. அதோடு அந்த மணம்: உப்பு, பழைய கயிறு. அவள் பக்கத்துத் திரையை ஒரு விரலால் விலக்கினாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே விலக்கினாள்.

குவிமாடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வெளிச்சம். யாரோ வாங்கின்மேல் வைத்துவிட்டுப் போன கைத்தொலைபேசி. அதன் வெளிச்சத்தில் ஏணி. ஏணியின் கீழ்ப்படியில் வெள்ளைச் சேலை.

மற்றில்டா. கண்ணாடி போட்டிருந்தாள். கோணலைச் சரிபண்ண வந்திருந்தாள்.

"அக்கா," என்றாள் மரிஸ்ரெலா. மெதுவாகத்தான் வந்தது. அந்த மெதுவே போதும் என்று அவளுக்குத் தெரியும். மாடத்தில் அது கேட்கும். கேட்டது. துணிக்குள் சாய்ந்திருந்த தலை சுவரைவிட்டு நிமிர்ந்தது.

மற்றில்டா ஒரு படி ஏறினாள். இன்னொரு படி. ஊதாத் துணியின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் மாடத்தின் விளிம்பு வழியே, வரைந்த பளிங்கு நரம்புகளின்மேல் இறங்கியது. அவள் கைகளை உயர்த்தி நாடாவை அவிழ்த்தாள். துணியின் ஓரத்தைத் தூக்கினாள்.

அவள் கத்தவில்லை.

அதுதான் மரிஸ்ரெலாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. மற்றில்டா கத்தவில்லை. தூக்கிய துணியைத் தன் தலைக்கு மேலால் இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே குனிந்தாள். ஒரு துணிக்குள் இரண்டு உருவம். பின்னேரங்களில் வீட்டில் ஏதோ கேட்கக் குனிந்த மனைவியைப்போல, காதைக் கொடுத்தாள்.

கிசுகிசுப்பு மேலே போனது. வளைவில் பட்டது. மரிஸ்ரெலாவின் காதுக்குள் வந்து விழுந்தது.

*விடிய எழும்பேக்கை கடலுக்குள்ளை இறங்கவேணும் போலக் கிடக்கு.*

அதே சொற்கள். அதே ஒழுங்கு.

*மற்றில்டாவுக்குச் சொல்ல வாய் வருகுதில்லை.*

"பிள்ளை," என்றார் ஃபாதர். "மிச்சத்தைச் சொல்லும்."

அவளால் முழந்தாளை எடுக்க முடியவில்லை. கண்ணை மூட முடியவில்லை. மாடத்துக் குரல் தொடர்ந்துகொண்டிருந்தது. வாங்கில் இருந்ததைச் சொன்னது. வாசலைப் பார்த்ததைச் சொன்னது. வெள்ளியைச் சொன்னது. ஞாயிறைச் சொன்னது. விளக்குகள் அணைந்ததைச் சொன்னது. பிறகு தண்ணீர் புரண்டது. பிறகு அவர் அந்த வியாழக்கிழமை ஃபாதரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னது.

*ஸ்ரெலா நிண்டவ.*

துணி அசையாமல் நின்றது.

டிக்.

துணிக்குள்ளிருந்து மற்றில்டாவின் முகம் வெளியே வந்து, குவிமாடத்தைக் கடந்து, நேராகத் தொட்டியைப் பார்த்தது. கண்ணாடியில் வெளிச்சம். கன்னம் நனைந்து, சேலைத் தோள் நனைந்து. அவளுடைய தோளுக்கு மேலால், துணியின் அதே திறப்பிலிருந்து, இன்னொரு முகமும் மெதுவாகத் திரும்பியது.